கடல் தாண்டாத கையெழுத்து

சில வருஷங்களுக்கு முன்பு மல்லேஸ்வரத்தில் எங்கள் அத்திம்பேருக்குச் சதாபிஷேகம் நடந்தது. சாப்பாடு முடிந்து ஹாலில் எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, சென்னையிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் அவரிடம் கேட்டார்: “நாற்பது வருஷத்துக்கு மேலே ஆடிட்டரா பிராக்டிஸ் பண்ணினேள். பெங்களூரைத் தாண்டி ஒரு பிராஞ்ச் போடலையே! உங்க பிள்ளை வேலை பார்த்த கம்பெனி தேசம் தேசமா ஆபீஸ் திறந்துடுத்தே, அது எப்படி?”

அத்திம்பேர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “எனக்கு ஆக்ட் இருந்தது. அவாளுக்கு ஆக்ட் கிடையாது. அவ்வளவுதான்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது வேடிக்கையாகப் படவில்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் சட்டம், விதி, உபவிதி, சுற்றறிக்கை என்றே காலம் தள்ளியவன் நான். அத்திம்பேர் சொன்னது உண்மையா என்று பார்க்கத் தோன்றியது. ரிடையர் ஆனவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? படித்ததையும் நேரில் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம் அங்கத்தினர்களில் ஆடிட்டர்களும் வக்கீல்களும் சாஃப்ட்வேர்காரர்களும் நிறைய இருப்பதால், பலருக்கு இது சொந்த வீட்டுக் கதையாகவே இருக்கும்.

முதலில் ஆடிட்டர்களை எடுத்துக்கொள்வோம். கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்பவருக்குச் சர்க்கார் சான்றிதழ் வேண்டும் என்ற ஏற்பாடு 1913-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தோடு வந்தது. இங்கிலாந்தில் பாஸ் செய்த சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுகளுக்கு இங்கே தொழில் நடத்த ஒரு தடையும் இருக்கவில்லை. அந்தக் காலத்துப் பெரிய ஆடிட் கம்பெனிகளின் பெயர்களே இதற்குச் சாட்சி: பிரைஸ் வாட்டர்ஹவுஸ், லவ்லாக் அண்ட் லூயிஸ், ஃபெர்குசன், நம் சென்னையின் ஃபிரேசர் அண்ட் ராஸ். சட்டம் எழுதியவரும் தொழில் நடத்த வந்தவரும் ஒரே ஊர்க்காரர்கள். அயல்நாட்டில் தொழில் விரிவு செய்ய இதைவிட சௌகரியம் வேறென்ன வேண்டும்?

நம்மவர்களுக்காக 1918-ல் பம்பாயில் கவர்ன்மெண்ட் டிப்ளமா இன் அக்கவுண்டன்சி என்ற பரீட்சை ஆரம்பமாயிற்று. பழைய ஆடிட்டர்களின் பெயர்ப்பலகையில் ‘ஜி.டி.ஏ.’ என்று பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. 1932-ல் இந்தியா முழுவதற்குமான விதிகள் வந்து, பதிவு பெற்ற கணக்காளர் என்ற அந்தஸ்து ஏற்பட்டது. சுதந்திரம் வந்த பிறகு 1949-ல் சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுகள் சட்டம் நிறைவேறி, அந்த வருஷம் ஜூலை 1-ஆம் தேதி இன்ஸ்டிட்யூட் உதயமாயிற்று. இன்றும் ஜூலை 1 அவர்களுக்குத் திருநாள்.

அந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவைப் படித்தால், எழுதியவர்களின் மனசு தெரியும். எந்த நாடு இந்தியர்களைத் தன் கணக்காளர் சங்கத்தில் சேர்க்க மறுக்கிறதோ, தொழில் செய்ய விடாமல் பாரபட்சம் காட்டுகிறதோ, அந்த நாட்டுப் பிரஜைக்கு இங்கேயும் இடமில்லை என்பது அதன் சாரம். நீ கதவைச் சாத்தினால் நானும் சாத்துவேன். வக்கீல்களுக்கான 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 47-ஆவது பிரிவும் இதையேதான் சொல்கிறது. எத்தனையோ வருஷம் வெள்ளைக்கார ஆடிட் கம்பெனிகளில் உதவியாளராகவே காலம் கழித்த தலைமுறை எழுதிய சட்டம் அது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. 1956-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி ஒரு கூட்டு வியாபாரத்தில் 20 பேருக்கு மேல் பங்காளிகள் இருக்கக்கூடாது. இருந்தால் அது கம்பெனியாகப் பதிவாக வேண்டும். மளிகை மண்டிக்கும் ஜவுளிக் கடைக்கும் இது பாதகமில்லை, கம்பெனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் கம்பெனியாகப் பதிவான ஸ்தாபனம் ஆடிட்டராக இருக்க முடியாது என்று அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு சொல்லிற்று. ஆகவே ஒரு ஆடிட் ஸ்தாபனம் எவ்வளவு முயன்றாலும் 20 பங்காளிகளுக்கு மேல் வளர வழியே இல்லாமல் போயிற்று. இந்த 20 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து நாம் கடன் வாங்கியது. இங்கிலாந்து தன் ஆடிட்டர்களுக்கும் சொலிசிட்டர்களுக்கும் 1967-லேயே விலக்குக் கொடுத்துவிட்டது. நாம் அந்த விலக்கைக் கொடுத்தது 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தில். கடன் கொடுத்தவன் மறந்த பிறகும் 46 வருஷம் வட்டி கட்டியிருக்கிறோம்! பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டாண்மை என்ற எல்.எல்.பி. சட்டம் 2008-ல் வந்ததும் ஓரளவு வழி விட்டது.

அந்த இடைப்பட்ட காலத்தில்தான் உலகத்தின் பெரிய ஆடிட் ஸ்தாபனங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து எட்டு ஆறாயிற்று, ஆறு ஐந்தாயிற்று, 2002-ல் ஆர்தர் ஆண்டர்சன் சாய்ந்த பிறகு நாலாயிற்று. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான பங்காளிகள். நம் ஊரில் இருபதோடு முற்றுப்புள்ளி.

இதோடு இன்னும் இரண்டு கட்டுகள் உண்டு. ஆடிட்டர் விளம்பரம் செய்யக்கூடாது. நேரிலோ ஆள் வைத்தோ வேலை கேட்கக்கூடாது. ஆடிட்டர் அல்லாதவரோடு தொழிலில் பங்கு சேரக்கூடாது. இவற்றில் தர்மம் இல்லாமல் இல்லை. கணக்கைச் சரி பார்ப்பவர் கடைத்தெருவில் கூவி விற்கலாமா? ஆனால் வெளிநாட்டுக்காரனுக்கு, தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள அனுமதியில்லாத ஸ்தாபனத்தை எப்படித் தெரியும்? அத்திம்பேர் வாசலில் ஒன்றரை அடிப் பலகை ஒன்று இருந்தது. அதிலும் எழுத்து பெரிதாக இருந்தால் வம்பு வருமோ என்று யோசித்து எழுதச் சொன்னவர் அவர்.

தனி நபராகப் போனவர்கள் உண்டு, ஏராளமாக உண்டு. துபாய், மஸ்கட், குவைத், நைரோபி என்று எத்தனை சி.ஏ.க்கள் போனார்கள்! நம் அங்கத்தினர் குடும்பங்களிலேயே கணக்கெடுத்தால் தெரியும். அவர்களெல்லாம் அங்கே இருந்த ஏதோ ஒரு ஸ்தாபனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். ஆள் போனார், அவர் ஊர் ஸ்தாபனத்தின் பெயர் போகவில்லை.

எதிர்த் திசையில் என்ன நடந்தது? உலகப் பெரு ஸ்தாபனங்கள் தங்கள் பெயரிலேயே புதிதாக வந்து இங்கே தணிக்கை செய்ய முடியாது. ஆகவே இங்கிருந்த பழைய ஸ்தாபனங்களோடு உறவு வைத்துக்கொண்டன. ஃபிரேசர் அண்ட் ராஸும் ஃபெர்குசனும் டெலாய்ட் குடும்பத்தில் சேர்ந்தன. பாட்லிபாய், எர்ன்ஸ்ட் அண்ட் யங் பக்கம் போயிற்று. கையெழுத்து இந்தியப் பெயரில். பின்னால் இருக்கும் குடை வெளிநாட்டுப் பெயரில். ஆலோசனைத் தொழிலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லாததால் அது கம்பெனியாகவே பதிவாகி, குடையின் பெயரையே வைத்துக்கொண்டது. இது சட்டத்துக்கு உட்பட்டதா, சட்டத்தைச் சுற்றி வந்ததா என்ற சண்டை இருபது வருஷத்துக்கு மேல் ஓடிற்று. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், இதை ஆராய மூன்று பேர் கொண்ட நிபுணர் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025-ல் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம், பல துறையினரும் பங்காளிகளாகச் சேரும் பெரிய இந்திய ஸ்தாபனங்களை உருவாக்க எந்தெந்த விதிகளை மாற்றலாம் என்று பொதுமக்களிடம் அபிப்பிராயம் கேட்டது. எழுபத்தைந்து வருஷம் கழித்துக் கேட்கிறார்கள்.

வக்கீல்கள் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் கோர்ட்டுக் கதைதான். 1990-களில் மூன்று வெளிநாட்டு வக்கீல் ஸ்தாபனங்கள் ரிசர்வ் வங்கியிடம் அனுமதி வாங்கித் தொடர்பு அலுவலகம் திறந்தன. 1995-ல் லாயர்ஸ் கலெக்டிவ் என்ற அமைப்பு பம்பாய் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டது. தீர்ப்பு வந்தது 2009 டிசம்பரில். கோர்ட்டில் நின்று வாதாடுவது மட்டுமல்ல, மேஜையில் உட்கார்ந்து ஆலோசனை சொல்வதும் பத்திரம் எழுதுவதும் வக்கீல் தொழில்தான். ஆகவே அந்த அனுமதி செல்லாது என்றது கோர்ட். அடுத்து நம் சென்னை ஹைகோர்ட்டில் பாலாஜி என்ற வக்கீல் தொடுத்த வழக்கில் 2012-ல், வெளிநாட்டு வக்கீல் தற்காலிகமாக விமானத்தில் வந்து தன் நாட்டுச் சட்டத்தைப் பற்றி யோசனை சொல்லிவிட்டுத் திரும்பிப் போகலாம் என்று தீர்ப்பாயிற்று. 2018-ல் சுப்ரீம் கோர்ட், எப்போதாவது வந்து போவது சரி, அடிக்கடி வந்தால் அது தொழில் நடத்துவதே என்று கோடு கிழித்தது. எத்தனை தடவை வந்தால் ‘அடிக்கடி’ என்பது அவரவர் கற்பனை! 2023 மார்ச்சில் பார் கவுன்சில், பரஸ்பர அடிப்படையில் வெளிநாட்டு வக்கீல்கள் பதிவு செய்துகொண்டு தங்கள் நாட்டுச் சட்டத்தில் ஆலோசனை சொல்லலாம், நம் கோர்ட்டுகளில் ஆஜராகக்கூடாது என்று விதி வகுத்து, 2025 மே மாதம் அதைத் திருத்தியும் வெளியிட்டது.

இனி அத்திம்பேரின் பிள்ளை கதைக்கு வருகிறேன். ‘ஆக்ட் கிடையாது’ என்று அத்திம்பேர் சொன்னதில் பாதிதான் உண்மை. சாஃப்ட்வேர் எழுதுபவருக்குப் பதிவு வேண்டியதில்லை, லைசென்ஸ் வேண்டியதில்லை, அவருடைய கம்பெனியில் யார் வேண்டுமானாலும் பங்கு வாங்கலாம், விளம்பரம் செய்யலாம். இதெல்லாம் சரி. ஆனால் 1980-களில் அவருக்கு வேறு தளைகள் இருந்தன.

நம் தாத்தா காலத்தில் கடல் தாண்டுவதே சாஸ்திர விரோதம். 1914-ல் கணிதமேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போவதற்குள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சாஸ்திரம் தளர்ந்தபோது அந்நியச் செலாவணிச் சட்டம் இறுகிற்று. 1970-களில் வெளிநாடு போனவர்கள், ‘எட்டு டாலரோடு இறங்கினேன்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ‘பி ஃபாரம்’ என்ற ரிசர்வ் வங்கிக் காகிதம் இல்லாமல் டிக்கெட்டே கிடைக்காத காலமும் இருந்தது. 1973-ஆம் வருஷத்து ஃபெரா சட்டம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்னதால், ஐ.பி.எம். 1978-ல் மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. கம்ப்யூட்டர் இறக்குமதிக்கு லைசென்ஸ். அதன் மேல் சாதனத்தின் விலையையே தாண்டும் வரி. அதற்கும் மேல் இத்தனை அந்நியச் செலாவணி சம்பாதித்துத் தருகிறேன் என்று உறுதிப் பத்திரம். டாடா கன்சல்டன்ஸி 1974-ல் பர்ரோஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வரவழைத்தது இந்த மாதிரி நிபந்தனைகளோடுதான்.

1981-ல் ஏழு பேர் 10,000 ரூபாய் முதலில் ஆரம்பித்த இன்ஃபோசிஸ் 1983-ல் புனேயிலிருந்து பெங்களூருக்கு வந்தது. அவர்களுக்குச் சொந்தக் கம்ப்யூட்டர் கிடைத்தது 1984-ல். சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மூன்று வருஷம் கம்ப்யூட்டர் இல்லை! டெலிபோனுக்கும் காத்திருந்ததாகவும், இறக்குமதி அனுமதிக்காக டெல்லிக்கு எத்தனையோ தடவை நடந்ததாகவும் நாராயண மூர்த்தி பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நியூயார்க்கில் இருந்த வாடிக்கையாளருக்கு வேலை செய்ய வேண்டுமானால் ஒரே வழிதான்: ஆட்களை விமானம் ஏற்றி அங்கேயே அனுப்பி, அவர்கள் கம்ப்யூட்டரிலேயே எழுதுவது. பின்னாளில் ‘பாடி ஷாப்பிங்’ என்று இளக்காரமாகப் பெயர் வைத்தார்களே, அது ஆசைப்பட்டுச் செய்த வியாபாரமல்ல. இங்கே சாதனத்தை வர விடாததால் மனிதனை அனுப்ப வேண்டியதாயிற்று.

1980-களின் நடுவில் நான் பெங்களூருக்கு மாற்றலாகி வந்தேன். ஏற்றுமதிக் காகிதங்கள் சில என் மேஜை வழியாகவும் போகும். ஒரு நாள் ஒரு காந்த நாடாச் சுருள் வந்தது. அரை அங்குல அகலம், 2,400 அடி நீளம். காகிதத்தில் எழுதியிருந்த விலை என் பல வருஷச் சம்பளம். வெற்றுச் சுருளின் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். எந்த விலையை நம்புவது? பௌதிகம் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும்: எழுதாத நாடாவும் எழுதிய நாடாவும் ஒரே எடை. அதன் மேல் பூசிய இரும்பு ஆக்சைடுத் துகள்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பது மட்டுமே வித்தியாசம். தராசுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. துகள்கள் திரும்பியிருக்கும் திசைக்கு லட்ச ரூபாய் விலை என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? இரண்டு நாள் தயங்கி, மேலதிகாரியைக் கேட்டுப் போட்டேன். அந்த இரண்டு நாளில் அங்கே யாருடைய காண்ட்ராக்ட் தாமதமாயிற்றோ! அந்தச் சுருளைக் கொண்டு வந்த பையன் வராந்தாவில் நின்றபடியே இருந்தது இப்போதும் நினைவிருக்கிறது.

நாடாவுக்கு முடிவு கட்டியது வானம்தான். 1985-ல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூர் மில்லர்ஸ் ரோடில் ஒரு கட்டடத்தில் ஆபீஸ் போட்டது. செயற்கைக்கோள் வழியாக வெளிநாட்டோடு நேரடித் தொடர்பு. அந்தப் பெரிய ஆண்டெனாத் தட்டு மாட்டு வண்டியில் ஏறி வந்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். தொலைத்தொடர்பு அன்று முழுக்க அரசின் ஏகபோகம்; தனியார் ஒருவர் தனக்கென்று வான்வழி வைத்துக்கொள்வதற்கு விதிப் புத்தகத்தில் இடமே கிடையாது. டெல்லியில் சேஷகிரி போன்ற அதிகாரிகள் முன்னின்று வழி செய்து கொடுத்தார்கள். 1984 நவம்பரில் கம்ப்யூட்டர் கொள்கையும் 1986 டிசம்பரில் சாஃப்ட்வேர் ஏற்றுமதிக் கொள்கையும் வந்தன. சர்க்கார் அதிகாரி என்றாலே முட்டுக்கட்டை என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. முட்டுக்கட்டையை எடுத்தவர்களும் சர்க்கார் அதிகாரிகள்தான் என்பதை, கொஞ்சம் ஜாதி அபிமானத்தோடு, அதாவது அதிகாரி ஜாதி அபிமானத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

கம்பி வழியாகவும் வான் வழியாகவும் போகும் சரக்கை யார் எண்ணுவது? சரக்குக்கு ‘ஜி.ஆர்.’ ஃபாரம் இருந்தது. சாஃப்ட்வேருக்கு ‘சாஃப்டெக்ஸ்’ என்று தனி ஃபாரம் போட்டார்கள். 1991-ல் சாஃப்ட்வேர் டெக்னாலஜி பார்க் என்ற அமைப்பு உருவாகி, 1978-ல் கியோனிக்ஸ் சுமார் 330 ஏக்கரில் தொடங்கிய எலக்ட்ரானிக் சிட்டி வரை தன் செயற்கைக்கோள் இணைப்பை வாடகைக்குக் கொடுத்தது. அந்த ஃபாரத்துக்குச் சான்று கொடுப்பதும் அவர்கள் வேலையாயிற்று. 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்குக்கு ரூபாய் மாற்றத்தக்கதாயிற்று. 2000 ஜூனில் ஃபெரா போய் ஃபெமா வந்தது. நம் பக்கத்துக் கட்டுகள் இப்படி ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டே வந்தபோது, எதிர்க்கரையில் கட்டு விழ ஆரம்பித்தது.

அமெரிக்காவின் 1990-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம்தான் எச்-1பி என்ற விசாவை உண்டாக்கி, வருஷத்துக்கு 65,000 என்று உச்சவரம்பு வைத்தது. 2000-ஆவது வருஷத்துக் கோளாறு என்று கம்ப்யூட்டர் உலகம் பயந்துகொண்டிருந்த நாட்களில் அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. வரம்பு 1,15,000 ஆயிற்று, பிறகு 1,95,000. தேவை தீர்ந்தது, 2003 அக்டோபரில் மறுபடி 65,000. அங்கேயே மேல்படிப்பு முடித்தவர்களுக்கு 20,000 தனியாகச் சேர்த்தார்கள். 2010-ல், பாதிக்கு மேல் விசா ஊழியர்களை வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு மட்டும் விசாவுக்கு 2,000 டாலர் கூடுதல் கட்டணம். 2015 டிசம்பரில் அது 4,000. பெயர் சொல்லாவிட்டாலும் யாரை நினைத்து எழுதிய சட்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 2016 மார்ச்சில் இந்தியா இதை உலக வர்த்தக நிறுவனத்தில் தாவாவாக எழுப்பியது. 2025 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி, வெளியிலிருந்து வரும் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் என்று பிரகடனம் செய்தார்.

உலக வர்த்தக நிறுவனத்தின் சேவை உடன்படிக்கை 1995-ல் அமலுக்கு வந்தபோது, சேவை எல்லை தாண்டுவதற்கு நாலு வழி என்று வகுத்தார்கள். சேவை மட்டும் தாண்டுவது, வாடிக்கையாளர் வந்து வாங்கிப் போவது, அங்கே போய்க் கிளை திறப்பது, மனிதர் நேரில் போய்ச் செய்வது. பணக்கார நாடுகள் மூன்றாவது வழியைத் திறக்கச் சொல்லி நம்மிடம் வற்புறுத்தின. நாம் நாலாவதைத் திறக்கச் சொல்லி அவர்களிடம் மன்றாடினோம். வங்கிக் கிளை போகலாம், இன்ஷூரன்ஸ் போகலாம், மனிதன் என்றதும் மட்டும் அது வர்த்தகமாக இல்லாமல் குடியேற்றமாகிவிடுகிறது.

நாலாவது வழி அடைபட அடைபட, கம்பெனிகள் முதல் வழிக்கு மாறின. வேலை பெங்களூரில், அங்கே பேசிப் புரியவைக்கச் சிலர் மட்டும். எந்த விசாவில் போனவர் என்ன வேலை செய்யலாம் என்பதிலும் சிக்கல் வந்தது. வேலை விசாவுக்குப் பதில் வியாபாரப் பயண விசாவைப் பயன்படுத்தியதாக எழுந்த புகாரில் இன்ஃபோசிஸ் 2013 அக்டோபரில் 3 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து அமெரிக்க அரசோடு சமரசம் செய்துகொண்டது. திட்டமிட்டு மோசடி செய்யவில்லை என்பது கம்பெனியின் பதில். 2017-ல் அதே கம்பெனி 10,000 அமெரிக்கர்களை வேலைக்கு எடுப்பதாக அறிவித்தது. இன்னொரு பழைய வருத்தமும் உண்டு. அங்கே சில வருஷம் வேலை பார்த்துத் திரும்பும் நம் பிள்ளைகள் கட்டிய சோஷியல் செக்யூரிட்டிப் பணம், குறைந்தது பத்து வருஷக் கணக்கு இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடுகிறது. என் அக்கா பிள்ளை ஆறு வருஷம் கட்டினான். பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக உடன்பாட்டின்போது, மூன்று வருஷம் வரை போகிறவர்களுக்கு இப்படி இரண்டு இடத்திலும் கட்ட வேண்டாம் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். அமெரிக்காவோடு இன்னும் அப்படியொரு ஒப்பந்தம் இல்லை.

பெங்களூர் கம்பெனிகள் வெளியே போனபோது ஆடிட்டருக்கும் அதில் ஒரு அடி விழுந்தது. 1999 மார்ச்சில் இன்ஃபோசிஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பதிவாயிற்று; இந்தியக் கம்பெனிகளில் அதுவே முதல். அமெரிக்க முதலீட்டாளருக்கு அமெரிக்க முறையில் கணக்கு வேண்டும், அவருக்குத் தெரிந்த ஆடிட்டர் பெயரும் வேண்டும். 2002-ல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், அமெரிக்கச் சந்தையில் உள்ள கம்பெனியைத் தணிக்கை செய்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்களுடைய கண்காணிப்பு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றது. சத்யம் மோசடிக்குப் பிறகு 2011-ல் அமெரிக்க அமைப்புகள் பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய ஸ்தாபனங்களுக்கு மொத்தம் 75 லட்சம் டாலர் அபராதம் போட்டன. அவர்கள் விதி நம் ஊருக்கு வந்துவிட்டது. நம் ஆடிட்டரின் கையெழுத்து அவர்கள் ஊருக்குப் போகவில்லை. மல்லேஸ்வரத்தில் அத்திம்பேர் ஆரம்ப நாளிலிருந்து கணக்குப் பார்த்துக்கொடுத்த ஒரு சின்னக் கம்பெனி, வெளிநாட்டு முதலீடு வந்ததும் மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, வேறு ஆடிட்டரிடம் போய்விட்டது. “அவா மேலே தப்பில்லை. அவாளுக்குப் பேர் வேணும்” என்றார். அந்தக் கடிதத்தை ஃபைல் செய்துவைத்தார்.

அத்திம்பேரின் பெண் வயிற்றுப் பேத்தியும் சி.ஏ. பெங்களூர் வெளிவட்டச் சாலையில், உலகப் பெரு ஸ்தாபனம் ஒன்றின் ஆபீஸில் வேலை. அமெரிக்கர்களின் வருமான வரிப் படிவங்களைத் தயார் செய்கிறாள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் பதினைந்து வரை அந்தப் பெண்ணை வீட்டில் பார்க்கவே முடியாது. அதற்கும் ஒரு விதி இருக்கிறது: வரி கட்டுபவரின் விவரங்களை அமெரிக்காவுக்கு வெளியே அனுப்ப அவரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும்; 2009 ஜனவரி முதல் அது கண்டிப்பாக அமலில் இருக்கிறது. ஆகவே சம்மதம் கொடுத்தவர்களின் காகிதங்கள் மட்டும் இவள் திரைக்கு வரும்.

போன மாசம் நான் போயிருந்தபோது அவள் தாத்தாவுக்கு லேப்டாப்பில் ஒரு மாதிரிப் படிவத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். எங்கே எதைக் கழிக்கலாம், எந்த மாநிலத்தில் என்ன வரி என்று சரளமாகச் சொன்னாள். அத்திம்பேர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை பார்த்தார்.

“எல்லாம் நீதானே பண்றே? கையெழுத்து எங்கே போடுவே?”

“நான் போட முடியாது, தாத்தா. ஒஹையோவிலே ஒரு சி.பி.ஏ. போடுவார். எங்க பேர் அதிலே எங்கேயும் வராது.”

அத்திம்பேர் ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப்பை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “ஆபீஸ் வண்டி எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.